நடமாடும் கோளரங்கம், மாங்குளம்: ஒரு வாயுக்கோளுக்கான காட்சி

மாங்குளத்துப் பாடசாலையொன்றில் காற்றடைத்த கூடாரத்தினுள் நடத்தப்பட்ட இக்காட்சி, பல கோள்களை மேலோட்டமாகத் தொட்டுச் செல்லாமல், 51 பெகாசி பி என்னும் ஒரே வாயுக்கோளைப் பற்றியே பேசியது. அந்தத் தெரிவே பாராட்டுக்குரியது. 1995இல் வானியலாளர்களான மிசேல் மேயரும் டிடியே கெலோவும் அறிவித்த இக்கோள், ஏறத்தாழ 50 ஒளியாண்டு தொலைவில், சூரியனையொத்த விண்மீனொன்றை 4.2 நாட்களில் சுற்றிவருகிறது. நமது புதனுக்கே 88 நாட்கள் வேண்டும்.

கோளை நேரில் காணாமலேயே, அதன் ஈர்ப்பினால் விண்மீன் செக்கனுக்கு ஐம்பது மீற்றருக்குச் சற்று அதிகமான வேகத்தில் முன்னும் பின்னும் அசைவதையும், அதனால் அதன் ஒளியை நிறம்நிறமாகப் பிரிக்கையில் தெரியும் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் மாறிமாறி நகர்வதையும் படிப்படியாக விளக்கிய பகுதியே மிகச் சிறந்தது. க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் கற்கும் மாணவர்கள் இந்நகர்வுக்குக் காரணமான டொப்ளர் விளைவை இதைவிடத் தெளிவாகக் காண்பது அரிது.

ஆயினும், ஓவியர் கற்பனையில் தீட்டிய கோளின் உருவத்தை, அது ஓவியமென்று கூறாமலே காட்டியது பெருங்குறை. கூடாரத்தினுள் வெக்கையும் அதிகம்.

இன்னொரு வாய்ப்பும் தவறியது. இக்கோள் சுற்றிவரும் விண்மீன் பூரட்டாதியின் இரு விண்மீன்களுக்கும் இடையே, சற்று மேற்கே உள்ளது. மின்விளக்குகள் குறைந்த வன்னி வானில், மாரி மழைக்கு முந்திய இரவுகளில், கூரிய கண்ணுக்கு அது மங்கலாகத் தெரியும். விளக்கவுரையாளர் இதைச் சொல்லவேயில்லை.

நுழைவுக் கட்டணம் நியாயமானதே. எட்டாம் வகுப்புக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு நிறமாலைப் பகுதி கடினமாயிருக்கும்.