‘ஆல் ரீஜன்’ டிவிடி: கனடா, அமெரிக்காவுக்கு வீடியோ அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்

திருச்சியில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் எங்களுக்கு நடந்தது இது. சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் பழைய கேசட்டை ‘வெளிநாட்டு டிவிடி’யாக மாற்றித் தருவதாக அதே கடையில் இப்போது போர்டு தொங்குவதால் எழுதுகிறேன்.

தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு டொராண்டோவில் இருக்கும் பெரியம்மாவால் வர முடியவில்லை. அவருக்கு மட்டும் அந்த ஊர் டிவி முறையான என்.டி.எஸ்.சி.யில் தனி டிஸ்க் செட் வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லியிருந்தோம். “அதுக்கென்ன சார், ஆல் ரீஜன்ல போட்டுடுவோம். உலகத்துல எங்கே வேணா ஓடும்” என்றார் கடைக்காரர். கன்வர்ஷன் சார்ஜ் என்று டிஸ்க்குக்கு 400 ரூபாய் கூடுதல்.

மோசடி அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. ரீஜன் என்பது, ஒரு நாட்டில் விற்ற டிஸ்க் வேறு பகுதி பிளேயரில் ஓடாமல் இருக்க சினிமா கம்பெனிகள் தங்கள் டிஸ்க்கில் போடும் பூட்டு. பகுதிக்கு ஒரு எண்: இந்தியாவுக்கு 5, அமெரிக்கா, கனடாவுக்கு 1. வீட்டு விசேஷ டிஸ்க்கில் அந்தப் பூட்டை யாரும் போடுவதே இல்லை. இல்லாத பூட்டைத் திறந்து கொடுத்ததற்குத்தான் அந்தக் காசு! உண்மையான சிக்கல் டிவி முறையில் இருக்கிறது. நம் ஊர் டிவிடி ‘பால்’ முறை: வினாடிக்கு 25 பிரேம் (அதாவது தனித்தனிப் படம்), ஒவ்வொன்றின் அளவு 720க்கு 576 புள்ளி. அங்கே என்.டி.எஸ்.சி.: 29.97 பிரேம், 720க்கு 480. ரீஜனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜப்பானும் மேற்கு ஐரோப்பாவும் ஒரே ரீஜன் 2தான், ஆனால் ஜப்பான் என்.டி.எஸ்.சி., ஐரோப்பா பால்.

டிஸ்க்கைக் கடையிலேயே போட்டுக் காட்டினார். அருமையாக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? இங்கே விற்கிற பிளேயர்கள் அநேகமாக இரண்டு முறையையும் ஏற்கும். வட அமெரிக்காவில் விற்றவற்றில் பெரும்பாலானவை என்.டி.எஸ்.சி. மட்டும்தான். அதனால் கடை பிளேயரில் ஓட்டிக் காட்டுவது எதையுமே நிரூபிக்காது.

டொராண்டோவில் பெரியம்மா வீட்டுப் பழைய டிவியில் படம் கறுப்பு வெள்ளையாகி, மேலும் கீழும் உருண்டுகொண்டே இருந்ததாம். நாதஸ்வரம் மட்டும் தெளிவாகக் கேட்டிருக்கிறது. கடையில் கேட்டால், “அவங்க பிளேயர் கோளாறு சார்.” பிறகு அண்ணன் அங்கே அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் வி.எல்.சி. பிளேயரில் ஓட்டி, படத்தின் அளவையும் பிரேமையும் காட்டும் ‘கோடெக்’ விவரத்தைப் பார்த்துச் சொன்னார்: 720க்கு 576, 25 பிரேம். டிஸ்க்கின் மேல் மார்க்கரில் பெரிதாக ‘என்.டி.எஸ்.சி.’ என்று எழுதியிருக்கிறது, உள்ளே அப்பட்டமான பால்.

சண்டை போட்டு இரண்டாவது செட் வாங்கினோம். அது அங்கே ஓடத்தான் செய்தது, ஆனால் பார்க்க முடியவில்லை. ஐந்து பிரேமுக்கு ஒன்றை இரட்டிப்பாக்கி 25-ஐ 30 பக்கம் இழுத்திருக்கிறார்கள். தவில்காரர் கை வாசிக்க வாசிக்க வெட்டி வெட்டி நிற்கிறது. ஆரத்தித் தட்டு நகரும் இடமெல்லாம் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிகிறது. விசேஷத்தை எடுத்த கேமராவில் ஒரு பிரேம் என்பது வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் எடுத்த இரண்டு பாதிகள், ஒற்றைப்படை வரிகள் ஒன்று, இரட்டைப்படை வரிகள் ஒன்று. அவற்றைப் பிரிக்காமல் அப்படியே 480க்குச் சுருக்கினால் இந்தக் கதிதான். முறையாகச் செய்வதென்றால் அந்தப் பாதிகளைப் பிரித்து, அளவை மாற்றி, வினாடிக்கு 50 இருப்பதை 59.94 ஆக்க வேண்டும். மெனக்கெட்டுச் செய்ய வேண்டிய வேலை. “டீ குடிச்சிட்டு வாங்க சார், ரெடியா இருக்கும்” என்று சொல்கிற இடத்தில் கொடுக்காதீர்கள்.

சரி, வேறு இடத்தில் ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று ஒரிஜினல் கேசட்டைக் கேட்டோம். “அதுல வேற கல்யாணம் எடுத்தாச்சு சார்.” வயிறு எரிந்தது. இன்று எங்களிடம் மிஞ்சியிருப்பது அவர்கள் அழுத்திச் சுருக்கிய பால் டிவிடி மட்டும். பெரியம்மா அதைத்தான் பேரனின் கம்ப்யூட்டரில் பார்த்தார். கம்ப்யூட்டருக்கு எந்த முறையானாலும் ஒன்றுதான்.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, லண்டனுக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, அங்கெல்லாம் பால்தான். அந்த ஊர்களுக்கும் கன்வர்ஷன் சார்ஜ் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கனடா, அமெரிக்காவுக்கு என்றால் கடையில் பணம் கொடுக்குமுன் லேப்டாப்பில் போட்டு 480, 29.97 இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் யாராவது கையை வீசி ஆடுகிற, ஓடுகிற இடமாகப் பார்த்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். கேசட்டை, அல்லது கேமராவிலிருந்து இறக்கிய ஃபைலை, முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பில்லிலும் ‘என்.டி.எஸ்.சி., 720க்கு 480’ என்று எழுதச் சொல்லுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கடைக்காரர் எங்கள் பில்லை எங்களிடமே நீட்டினார். அதில் இருந்தது ‘டிவிடி காப்பி’ மட்டும்தான்.