படகின் எரிபொருள் டேங்கில் தண்ணீர்: மருந்தா, செப்பரேட்டரா, முழுதாக இறைப்பதா?

டீசலைவிடத் தண்ணீர் கனமானது. டேங்கின் அடியில் போய்த் தங்கிவிடும். எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாய் பெரும்பாலும் அடித்தட்டுக்குச் சற்று மேலே இருப்பதால், கடல் அமைதியாக இருக்கும்வரை எதுவும் தெரியாது. அலை எழுந்து படகு ஆடத் தொடங்கியதும் அடியில் கிடந்த தண்ணீரும் கசடும் கலங்கும். குழாய் அதை உறிஞ்சும். இன்ஜின் திணறி நிற்கும். இன்ஜின் கட்டாயம் ஓடியாக வேண்டிய நேரத்தில்தான் இந்தக் கோளாறு வெளிப்படுகிறது. அதனால் எந்த வழியாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: தண்ணீர் டேங்கை விட்டு வெளியே போகிறதா, இல்லை எரிபொருளுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறதா?

பலரும் முதலில் நாடுவது டேங்கில் ஊற்றும் மருந்தை. இந்த மருந்துகளில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வகை உண்டு. ஒரு வகை தண்ணீரை நுண்துளிகளாக உடைத்து எரிபொருளோடு கலந்துவிடும். அப்படியே இன்ஜினில் எரிந்து போகட்டும் என்பது அதன் கணக்கு. இன்னொரு வகை, கலந்து கிடக்கும் தண்ணீரைப் பிரித்து அடியில் இறக்கும். லேபிளில் இதைப் பார்க்காமல் வாங்குவது ஆபத்து. ஏனென்றால் படகில் இருக்கும் வாட்டர் செப்பரேட்டர் (எரிபொருளிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர்) தனியாகப் பிரிந்து நிற்கும் தண்ணீரைத்தான் நன்றாகப் பிடிக்கும். நுண்துளியாகக் கலந்த தண்ணீரில் பெரும்பகுதி அதைத் தாண்டி, இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்வரை போய்விடும். ஒரு கையால் ஃபில்டர் போட்டு, மறு கையால் அதை முடக்குவதுதான் இது. காமன் ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும்) இன்ஜினில் எரிபொருள் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் மசகு. அங்கே தண்ணீர் புகுந்தால் உராய்வும் துருவும், இன்ஜெக்டர் நுனியில் தண்ணீர் ஆவியாகி அதைச் சிதைப்பதும் நடக்கும். ஆல்கஹால் கலந்த மருந்தை டீசலில் ஊற்றுவதை நான் அறவே ஏற்கமாட்டேன். மசகுத்தன்மையும் குறையும், எரிபொருள் எளிதில் தீப்பற்றவும் செய்யும். தண்ணீரைப் பிரிக்கும் வகை மருந்து, லேசான ஈரப்பதத்துக்குச் சரி. அதன் பிறகும் அடியில் இறங்கிய தண்ணீரை வடித்தாக வேண்டும்.

செப்பரேட்டர் நிரந்தரக் காவல். டேங்குக்கும் இன்ஜினின் சொந்த ஃபில்டருக்கும் நடுவே நிற்கும் இதில் 30, 10, 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என எலிமென்ட், அதாவது உள்ளே போடும் வடிகட்டி, கிடைக்கும். டேங்குக்கு அடுத்து நிற்பதில் 2 மைக்ரான் போட்டால் கசடு சீக்கிரம் அடைத்துவிடும். அங்கே 10 அல்லது 30, நுண்ணிய வேலை இன்ஜின் ஃபில்டருக்கு என்று பிரித்துக்கொள்வது நல்லது. பிரிந்த தண்ணீர் சேரும் கிண்ணத்தின் அடிக்குழாயைத் திறந்து வடித்துப் பார்ப்பது பயணத்துக்கு முந்தைய வழக்கமாக வேண்டும். இதன் குறை ஒன்றே: கிண்ணம் சிறியது. டேங்கில் லிட்டர் கணக்கில் தண்ணீர் இருந்தால் அது நிரம்பி வழிந்து இன்ஜினுக்குப் போய்விடும். உள்ளே பொருத்திய பெட்ரோல் இன்ஜின் என்றால் தீ அபாயம் கருதி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், உலோகக் கிண்ணம்தான்.

அப்புறம், எரிபொருளை வெளியே எடுத்து ஃபில்டர்கள் வழியாகச் சுற்றவிட்டு மறுபடி டேங்கில் விடும் முறை. நல்ல டீசலைக் கொட்டாமல் காப்பாற்றலாம் என்பது இதன் பெரிய பலம். ஆனால் உறிஞ்சும் குழாய் டேங்கின் மிகத் தாழ்ந்த மூலையைத் தொடாவிட்டால் தெளிந்த டீசலையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருப்போம். உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ள டேங்கில் ஒவ்வோர் அறையையும் தனித்தனியாகத் தொட வேண்டும். சுவரில் ஒட்டிய பிசினை இது கழுவாது.

அந்தப் பிசின் எங்கிருந்து வருகிறது? தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. ஃபில்டரில் கருப்பாக, வழவழப்பாக ஏதாவது கண்டால் இதுதான். கிருமிக்கொல்லி அவற்றைக் கொல்லும். செத்த திரள் ஃபில்டரை இன்னும் வேகமாக அடைக்கும் என்பதால், கொல்லி ஊற்றிவிட்டு உடனே நீண்ட பயணம் கிளம்புவது தவறு. தண்ணீரை அகற்றாவிட்டால் மறுபடி வளரும். இந்த நிலைக்கு வந்த டேங்கைத் திறந்து, முழுதாக இறைத்து, தேய்த்துக் கழுவுவதே சரி. செலவும் நேரமும் அதிகம்தான். ஆனாலும் இங்கே குறுக்குவழியைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் ஒப்பீடே மாறிவிடும். 10 சதவீத எத்தனால் பெட்ரோல், 15 டிகிரி செல்சியஸில் சுமார் 0.5 சதவீதத் தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். 100 லிட்டருக்கு அரை லிட்டர். அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காக அடியில் இறங்கும். குளிர்ந்தால் இன்னும் குறைந்த தண்ணீரிலேயே இது நடக்கும். மேலே மிஞ்சுவது ஆக்டேன் (இன்ஜினில் தட்டல் இல்லாமல் எரியும் தன்மை) குறைந்த பெட்ரோல். இந்தப் பிரிவை எந்த மருந்தும் நம்பகமாகத் திருப்பாது. முழுவதையும் இறைத்து முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிப்பள்ளத்தில் தேங்கும். சாதாரண மின்பம்ப்பை அங்கே கொண்டுபோகாதீர்கள். இதை அதற்கான கருவி உள்ளவரிடம் விடுங்கள்.

எதைச் செய்யும் முன்பும் அளவுகோலின் நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவி டேங்கின் அடிவரை இறக்கிப் பாருங்கள். நிறம் மாறும் உயரம் எவ்வளவு என்று தெரிந்தால் மருந்தா இறைப்பா என்ற வாதம் பாதி முடிந்துவிடும். கூடவே மேல்தளத்து எரிபொருள் மூடியின் ரப்பர் வளையத்தையும், காற்றுப்போக்குக் குழாயின் வாயையும் சோதியுங்கள். விரிசல் விட்ட வளையத்தை மாற்றாமல் டேங்கைக் கழுவினால், அடுத்த மழையிலேயே தண்ணீர் மறுபடி உள்ளே இறங்கும்.