ஸ்க்ரூவா, ஸ்பிரிங்கா, லக்கா? பிரேக்கர் பேனலில் எந்த டெர்மினல் எங்கே பொருந்தும்

"பிரேக்கர் கருகிடுச்சு" என்று கழற்றிக் கொண்டுவந்ததை மேசையில் வைத்துத் திறந்தால், உள்ளே கான்டாக்ட் பளபளவென்று இருப்பது அடிக்கடி நடக்கும். கருகியது வாசல்தான், கேபிள் வந்து உட்காரும் டெர்மினல். 250 ஆம்பியர் ஓடும் இணைப்பில் 0.2 மில்லி ஓம் மின்தடை கூடுதலாக ஏறினாலே அந்த ஒரு புள்ளியில் 12.5 வாட் வெப்பம் கிளம்பும். 25 வாட் சால்டரிங் அயனில் பாதியை இரவும் பகலும் டெர்மினலில் ஒட்டி வைத்ததற்குச் சமம்.

இந்தச் சூடு இரண்டு விதமாக ஏமாற்றும். தெர்மல் மேக்னெட்டிக் ரிலீஸ் (டிரிப் செய்யும் பகுதி) உள்ள எம்சிசிபியில், அதாவது வார்ப்பு உடல் கொண்ட பெரிய பிரேக்கரில், டெர்மினலின் வெப்பம் செம்பு வழியாக, சூட்டில் வளைந்து டிரிப் செய்யும் பைமெட்டல் பட்டைக்குப் போய்ச் சேரும். லோடு 70 சதவீதம்தான், ஆனாலும் டிரிப் ஆகும். உடனே "பிரேக்கர் வீக், அடுத்த சைஸ் போடு" என்பார்கள். அதைவிடத் தப்பான முடிவு கிடையாது. சூடு அப்படியே இருக்கும், காட்டிக்கொடுத்த ஆள் மட்டும் போய்விடுவான். எலெக்ட்ரானிக் ரிலீஸ் பெரும்பாலும் மின்னோட்டத்தை மட்டும்தான் அளக்கும். டெர்மினல் சிவந்தாலும் அது வாயைத் திறக்காது. ஆகவே எலெக்ட்ரானிக் ரிலீஸ் உள்ள பேனலில்தான் டெர்மினலைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

கன்ட்ரோல் வயர்: ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும்

ஸ்க்ரூ கிளாம்புக்கு இருக்கும் பெரிய பலம், பாரிமுனையில் எந்த எலெக்ட்ரிகல் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள், ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் வேலை முடியும் என்பதுதான். பலவீனமும் அந்த ஸ்க்ரூடிரைவர்தான். 2.5 சதுர மி.மீ. டெர்மினல் கேட்பது பெரும்பாலும் 0.4 முதல் 0.8 நியூட்டன் மீட்டர். தடித்த கைப்பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரை முழு பலத்தோடு திருப்பினால் இதைத் தாண்டுவது சுலபம். ஸ்க்ரூ தலையின் வெட்டு நசுங்கும், மரை வழுக்கும். அதன் பிறகு ஸ்க்ரூ சுற்றும், ஆனால் பிடிக்காது. இன்னொரு பக்கம், ஃப்ளெக்சிபிள் வயரின் மெல்லிய இழைகள் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல இடம் நகர்ந்து படியும். டைட்டாக இருந்தது சில வாரத்தில் தளரும். பெரூல் (வயர் நுனியில் மாட்டி நசுக்கும் சின்ன உலோகக் குழாய்) போட்டால் இது பெரிதும் குறையும். பெரூல் இல்லை என்று வயர் நுனிக்கு ஈயம் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈயம் அழுத்தத்தில் வழிந்து ஒதுங்கும், எனவே ஸ்க்ரூவுக்குள் போகும் வயருக்கு ஈயம் வைக்கவே கூடாது.

ஸ்பிரிங் கேஜ் டெர்மினலில் அழுத்துவது கை இல்லை, ஸ்பிரிங். அதனால் காலை ஷிஃப்ட் ஆள் மாட்டினாலும் நைட் ஷிஃப்ட் ஆள் மாட்டினாலும் பிடி ஒன்றுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓடும் ஷெட்டில், தரை அதிர்வு பேனல் கால் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும் இடத்தில், ஸ்க்ரூவை விட இதுதான் நிம்மதி. ஆனால் இதற்கும் ஒழுங்கு வேண்டும். 2.5 சதுர மி.மீ. வயருக்கு உரிக்க வேண்டிய நீளம் ஏறக்குறைய 10 மி.மீ., சரியான அளவு டெர்மினலின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். 6 மி.மீ. உரித்து நுழைத்தால் ஸ்பிரிங் இன்சுலேஷனைக் கவ்விக்கொள்ளும். இழுத்துப் பார்த்தால் வராது, மல்டிமீட்டரில் சில நேரம் தொடர்பு கூடக் காட்டும், லோடு வந்ததும் விட்டு விட்டு வேலை செய்யும். தப்பான அளவு ஸ்க்ரூடிரைவரைத் திணித்து நெம்பினால் ஸ்பிரிங் வளைந்துவிடும். சூடேறி ஒரு தடவை பழுப்பாகிய ஸ்பிரிங் டெர்மினலுக்கு மருந்து இல்லை. ஸ்க்ரூவையாவது இன்னொரு முறை முடுக்கிப் பார்க்கலாம், வெப்பத்தில் விறைப்பு போன ஸ்பிரிங்கை என்ன செய்ய?

புஷ் இன் வகை மாட்டும் வேகத்தில் இரண்டையும் தோற்கடிக்கும். ஒற்றைக் கம்பியோ பெரூல் போட்ட வயரோ இருந்தால் கருவியே வேண்டாம், தள்ளினால் போதும். பெரூல் இல்லாத இழை வயரைத் தள்ளினால் இழைகள் குடைபோல விரிந்து நிற்கும். பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் நுழைக்க வேண்டும். ஆகவே புஷ் இன் வாங்குகிறவர் நல்ல கிரிம்பிங் டூலையும் சேர்த்து வாங்குகிறார் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கிய பெரூல் தட்டையாகிப் போகும், உள்ளே பாதி இழை தளர்ந்தே கிடக்கும். நிறத்தை நம்பிப் பெரூல் எடுப்பதும் ஆபத்து. ஜெர்மன் முறையில் 2.5 நீலம், 1.5 கறுப்பு, பிரெஞ்சு முறையில் 2.5 சாம்பல். பாக்கெட்டில் அச்சிட்ட அளவைப் பாருங்கள்.

ஒரே ஆள் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் பேனல், கையில் டார்க் ஸ்க்ரூடிரைவர் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் வகை) இருக்கிறது என்றால் ஸ்க்ரூவில் குறையே இல்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் மாறி மாறி வரும் இடம் என்றால் ஸ்பிரிங்தான் என் தேர்வு.

சிடி வயருக்கு மட்டும் வேறு சட்டம்

கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் (சிடி; பெரிய மின்னோட்டத்தை மீட்டருக்கும் ரிலேக்கும் ஏற்றபடி சின்னதாக்கித் தருவது) செகண்டரி வரும் இடத்தில் வேகமும் விலையும் பேச்சே இல்லை. லோடு ஓடும்போது அந்தச் சுற்று திறந்துகொண்டால், எந்த சிடி என்பதைப் பொறுத்து, முனைகளில் கிலோவோல்ட் கணக்கில்கூட மின்னழுத்தம் ஏறும். சிடியும் போகும், தொட்ட ஆளும் போவார். இங்கே ஸ்டட் (நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பி) டெர்மினலும், வளைய லக்கும்தான்; லக் என்பது வயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் உலோக முனை. நட்டு தளர்ந்தாலும் வளையம் ஸ்டட்டை விட்டு நழுவாது. முள்கரண்டி லக் போட்டால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. கூடவே ஷார்ட்டிங் லிங்க் உள்ள டிஸ்கனெக்டிங் வகையாகப் பார்த்து எடுக்க வேண்டும். மீட்டரையோ ரிலேயையோ கழற்றும் முன் லிங்க்கைப் போட்டு ஷார்ட் செய்வது, மாட்டிய பின் கடைசியாக லிங்க்கை எடுப்பது. வரிசை மாறக் கூடாது.

பவர் பக்கம்: கிரிம்ப் லக்கும் பாக்ஸ் கிளாம்பும்

எம்சிசிபியில் கேபிளை நேரடியாக நுழைத்து இறுக்கும் பாக்ஸ் கிளாம்ப் பார்க்க அழகு, இடம் மிச்சம். செம்புக் கேபிள், உற்பத்தியாளர் சொன்ன அளவு, வெறும் நுனி என்ற மூன்றும் பொருந்தினால் நன்றாகவே இருக்கும். அலுமினியக் கேபிளை அதில் திணித்தால்தான் வம்பு. செம்பை விட அலுமினியம் வெப்பத்தில் கூடுதலாக விரியும்; ஒரு டிகிரிக்கு, பத்து லட்சத்தில் செம்பு 17 பங்கு, அலுமினியம் 23 பங்கு. லோடு ஏறும்போது விரிந்து, இறுக்கத்தில் நசுங்கி, இரவு குளிரும்போது சுருங்கி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இடைவெளி விடும். உரித்த சில நொடிகளிலேயே மேலே ஆக்சைடு படலமும் படியும், அது மின்சாரத்தைக் கடத்தாது. அலுமினியத்துக்கு என்று எழுதியே கொடுத்த கிளாம்ப் இல்லையென்றால், கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஆக்சைடு தடுக்கும் பேஸ்ட் தடவி, பைமெட்டாலிக் லக்கில் (அலுமினியமும் செம்பும் சேர்ந்தது) கிரிம்ப் செய்து போல்ட் போடுவதே சரி.

லக் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததா? வாஷர் வரிசையைப் பாருங்கள். லக்கும் பிரேக்கர் பேடும் (லக் உட்காரும் தட்டையான உலோகப் பரப்பு) முகத்தோடு முகம் ஒட்ட வேண்டும், வாஷர்கள் போல்ட் தலைப் பக்கம் இருக்க வேண்டும். போல்ட் நீளமாக இருக்கிறது என்று ஒரு ஸ்டீல் வாஷரை லக்குக்கும் பேடுக்கும் நடுவே சொருகுவார்கள். மின்னோட்டம் முழுவதும் அந்தச் சின்ன ஸ்டீல் வளையம் வழியாகப் போகும். கழற்றும்போது அது நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருக்கும், கேபிள் இன்சுலேஷன் ஓரத்தில் பிஸ்கெட் போல உடையும். டார்க் அளவு சரியாக இருந்தும் கருகும் கேஸ்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. இன்னொன்று, கேபிளின் எடையை டெர்மினல் தாங்கக் கூடாது. கீழே கேபிள் கிளாம்ப் வைத்து எடையை அங்கே இறக்கிவிட வேண்டும்.

தகரப் பூச்சா, வெள்ளிப் பூச்சா

வெள்ளி உசத்தி என்ற எண்ணம் எங்கும் உண்டு. சர்வதேசத் தரநிலை ஐஇசி 60947-1 கூட வெறும் செம்பு டெர்மினலுக்கு 60 கெல்வின், தகரம் பூசியதற்கு 65, வெள்ளி பூசியதற்கு 70 என்றுதான் வெப்ப ஏற்றத்துக்கு வரம்பு தருகிறது. ஆனால் பல்லாவரம், குரோம்பேட்டையில் தோல் பதனிடும் கழிவுநீர் பக்கத்தில், அழுகிய முட்டை வாடை வரும் இடத்தில், ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியைக் கறுக்க அடித்துவிடும். அங்கே தகரம் பூசியது நீடிக்கும். எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்று. செம்பும் அலுமினியமும் நேரடியாகத் தொடும் இடத்தில் அலுமினியம் பொடியாகும். மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தொடும்போது பேனலுக்குள் அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதால், பெயர்ப் பலகையில் உள்ள ஆம்பியரை அப்படியே நம்ப வேண்டாம். சூட்டுக்கு ஏற்ப ஆம்பியரை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்லும் டீரேட்டிங் அட்டவணையைப் பார்க்கவும்.

டெர்மினலை மட்டும் மாற்றுவதா, பிரேக்கரையே மாற்றுவதா

டிஐஎன் ரயிலில் (பேனலுக்குள் இருக்கும் உலோகப் பட்டை) உட்காரும் டெர்மினல் பிளாக் என்றால் யோசிக்க ஒன்றும் இல்லை, கருகியதைக் கழற்றி எறியலாம். பாலிஅமைடு உடல் மஞ்சளாகி, பழுப்பாகி, நகத்தால் தட்டினால் சில்லு உடைந்தால் பக்கத்துப் பிளாக்கையும் சேர்த்து மாற்றுங்கள், சூடு அதையும் தொட்டிருக்கும். எம்சிசிபியில் பாக்ஸ் கிளாம்ப், ஸ்ப்ரெடர் (டெர்மினல்களை அகலப்படுத்தும் பட்டை), டெர்மினல் ஷ்ரவுட் (மூடி) ஆகியவை தனியாகக் கிடைக்கும், மாற்றலாம். ஆனால் மோல்டட் உடலில் வெடிப்பு, கொப்புளம், கரிக்கோடு தெரிந்தால் பிரேக்கர் முழுவதும் வெளியே. பேடை அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடி போடுவது பூச்சையும் எடுத்துவிடும், சமதளத்தையும் கெடுத்துவிடும்.

வேலைக்கு இறங்கும் முன் மெயினை மட்டும் அணைத்தால் போதாது. கன்ட்ரோல் சப்ளை யுபிஎஸ்ஸிலிருந்தோ வேறு பேனலிலிருந்தோ வரலாம். எல்லாவற்றையும் அணைத்து, பூட்டி, டேக் மாட்டி, டெஸ்டரை முதலில் உயிருள்ள இடத்தில் சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடியும் உயிருள்ள இடத்தில் சோதியுங்கள். கெபாசிட்டர் பேங்க் இருந்தால் டிஸ்சார்ஜ் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். வயர் நம்பரும் ஜம்பர் இருக்கும் இடமும் தெரியும்படி போட்டோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். கறுத்த வயரைப் பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். நீளம் போதவில்லை என்றால் பேனலுக்குள் ஜாயின்ட் போடாமல் புது வயர் இழுப்பதே வழி. கடைசிப் பிளாக்குக்கு எண்ட் பிளேட்டும் இரு பக்கமும் எண்ட் கிளாம்பும் மறக்காதீர்கள். திறந்த பக்கத்தில் பல்லி நுழைந்து இரண்டு ஃபேஸுக்கு நடுவே படுத்தால் கதை முடிந்தது. ஃபேஸ்களைப் பிரிக்கும் தடுப்பான ஃபேஸ் பேரியரையும் திரும்ப மாட்டுங்கள். ஸ்பேர் என்று மூலையில் வைத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது.

முடித்த பின் பவர் சுற்றுக்கு 1000 வோல்ட், கன்ட்ரோலுக்கு 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி). அதற்கு முன் எலெக்ட்ரானிக் டிரிப் யூனிட், சர்ஜ் அரெஸ்டர், டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். மைக்ரோ ஓம் மீட்டர் கிடைத்தால் மூன்று ஃபேஸையும் அளந்து ஒப்பிடுங்கள்; தனி எண்ணை விட, ஒன்று மற்ற இரண்டோடு ஒட்டுகிறதா என்பதுதான் முக்கியம்.

வருடா வருடம் டைட் பண்ணுவதா, தெர்மல் கேமராவா

ஷட் டவுன் கிடைத்தால் எல்லா ஸ்க்ரூவையும் ஒரு சுற்றுத் திருகுவது பழைய பழக்கம். நல்ல இணைப்பையும் அது கெடுக்கும். ஏற்கெனவே படிந்த ஸ்க்ரூவை மேலும் இறுக்கினால் மரை தேயும், இழை அறுபடும். லோடு 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது தெர்மல் கேமராவில் பார்த்து, ஒரே லோடு உள்ள ஃபேஸ்களுக்கு நடுவே 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் காட்டும் இணைப்பை மட்டும் கழற்றிப் பார்ப்பது எவ்வளவோ மேல். பளபளக்கும் உலோகம் கேமராவுக்குக் குறைந்த வெப்பத்தைக் காட்டும், அதனால் லக்கை அடுத்த இன்சுலேஷனைக் குறிவையுங்கள்.

புதிதாக இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் தலையிலிருந்து லக் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை கோடு உடைந்து விலகியிருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது. கோடு நேராக இருந்தும் சூடு காட்டினால், ஸ்பேனரை எடுக்காமல் கிரிம்பிங்கை வெட்டிப் பாருங்கள்.