எட்டுக் கட்டத்துக்குள் தமிழ்: எந்தத் திரை தாங்கும்?

மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட, ஓர் ஆர்டுயினோ ஊனோவும் (நிரல் எழுதி ஓட்டும் சிறு மின்னணுப் பலகை) 16×2 எல்சிடியும் (வரிசைக்குப் பதினாறு கட்டமாக இரண்டு வரிசை கொண்ட எழுத்துத் திரை) வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்ததை அம்மாவுக்காகத் தமிழில் மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போயிற்று.

16×2 திரையை இயக்குவது ஹிட்டாச்சியின் எச்டி44780 சிப், அல்லது அதே மாதிரி நடந்துகொள்ளும் வேறொன்று. அதன் ரோமில், அதாவது ஆலையிலேயே பதித்துவிட்ட நினைவகத்தில், உள்ள எழுத்துகளை மாற்ற முடியாது. பரவலாகக் கிடைக்கும் வகையில் ஜப்பானிய கட்டகானாகூட இருக்கும், தமிழ் இருக்காது. நாமே வரைந்துகொள்ள 64 பைட் மட்டும் தருகிறது. எழுத்துக்கு 8 பைட் என்றால் எட்டே எழுத்து. ஒன்பதாவதை ஏற்றினால் ஆர்டுயினோ நூலகம் (திரையை இயக்கும் ஆயத்த நிரல்) அதை முதல் இடத்திலேயே எழுதிவிடும். திரையில் ஏற்கெனவே நிற்கும் முதல் எழுத்தும் அந்த நொடியே உருமாறும். (அசையும் படம் காட்ட இதையே தந்திரமாகப் பயன்படுத்துகிறார்கள்.)

ஒரு கட்டம் 5×8 பிக்சல். 'ப' சுலபம் (1 என்றால் புள்ளி எரியும், 0 என்றால் எரியாது): 10001 என்று ஆறு வரி, அடியில் 11111, முடிந்தது. கடைசி வரியை கர்சருக்கு விட்டுவிடலாம். 'ப்' என்றால் மேலே புள்ளிக்கு ஒரு வரி, அதற்குக் கீழே இடைவெளிக்கு ஒரு வரி. எழுத்துக்கு மிஞ்சுவது ஐந்து. அதுவும் சமாளிக்கலாம். 'ண'வில்தான் மாட்டிக்கொண்டேன். ஐந்து பிக்சல் அகலத்தில் அதன் சுழிகள் அடங்கவே அடங்காது. இரண்டு கட்டத்தில் பிரித்து வரைந்தால், கண்ணாடியிலேயே கட்டங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி எழுத்தைக் கோடாலி போட்டதுபோல் பிளக்கிறது. 'தண்ணீர்' எழுதவே ஏழு இடம் போயிற்று. 'நிறைந்தது' எங்கே போவது?

ஆனால் மட்ட அளவைக் காட்ட இதைவிட லேசானது இல்லை. ஒரு வரி, இரண்டு வரி என்று நிரம்பும் ஏழு எழுத்துகள் போதும். முழுக்கட்டம் ரோமிலேயே உண்டு. இரண்டு வரிசையிலும் சேர்த்துப் பதினாறு படி கிடைக்கும். எழுத்தை ஏற்றியபின் கர்சர் இடத்தை மறக்காமல் மறுபடி சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து அச்சிடுவது திரைக்குப் போகாமல் எழுத்து நினைவகத்துக்குள் போய் விழும்.

அடுத்தது 128×64 ஓஎல்இடி, எஸ்எஸ்டி1306 சிப் உள்ளது. இங்கே கட்டமே கிடையாது, எல்லாம் பிக்சல். ஆனால் நினைவகத்தை விழுங்கும்: முழுத்திரைக்கு 1024 பைட் ராம் (நிரல் ஓடும்போது பயன்படும் நினைவகம்) வேண்டும், ஊனோவிடம் இருப்பதே 2048. யூ8ஜி2 நூலகத்தில் பக்கம் பக்கமாக வரையும் முறையை எடுத்தால் 128 பைட்டில் முடியும். சரி, தமிழை நேராக டைப் செய்தால் வருமா என்றால், வராது. 'கெ' யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கப்படுகிறது. இந்த நூலகம் அதை அதே வரிசையில் வரையும். கொம்பு பின்னால் போய் நிற்கும். அதனால் 'தொட்டி நிறைந்தது' என்பதைக் கணினியில் எழுதி, 128×16 கறுப்பு வெள்ளைப் படமாக்கி, ஊனோவின் ஃபிளாஷில் (நிரல் சேமிக்கப்படும் நினைவகத்தில்) போட்டேன். 256 பைட்தான். முதல் தடவை எட்டு எட்டு பிக்சலாகக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி வந்தது. நூலகம் கேட்கும் எக்ஸ்பிஎம் (XBM) பட வடிவம் ஒவ்வொரு பைட்டிலும் பிட்டுகளைக் கடைசியிலிருந்து எண்ணும், நான் வேறு வடிவத்தில் மாற்றியிருந்தேன்.

வெயிலில் வைப்பதென்றால் நோக்கியா 5110 திரை நல்லது. 84×48, ராம் 504 பைட், விளக்கு இல்லாமலே தெரியும், 3.3 வோல்ட் என்பதால் 5 வோல்ட் ஊனோவோடு நேராகக் கோக்கக் கூடாது. எஸ்டி7920 சிப் உள்ள திரையில் 8192 சீன எழுத்துகள் உள்ளேயே உண்டு, நமக்கென்று தருவது நாலே நாலு. 16×16 என்பதால் 'ண' தாராளமாக உட்காரும், ஆனால் நாலை வைத்து என்ன எழுதுவது? அதையும் படமாகத்தான் ஓட்ட வேண்டும்.

இப்போது மோட்டார் பக்கத்தில் 16×2 மட்டம் காட்டுகிறது. சமையலறையில் ஓஎல்இடி. "எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா வராதாடா?" என்றார் அம்மா. 'தொட்டி'யை வெட்டிவிட்டு, 'நிறைந்தது' மட்டும் 24 வரி உயரத்தில் போட்டேன். 384 பைட்.