காரின் மீட்டர் போர்ட் மாற்றப் போய் 38,500 ரூபா போய்விட்டது, மட்டக்களப்பு ஆட்கள் கவனம்

நேற்றுப் பின்னேரம்தான் உண்மை தெரிய வந்தது. இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. 38,500 ரூபா! எழுதாமல் இருக்க ஏலாது.

அம்மாவைக் களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்குக் கிளினிக் கொண்டு போகத்தான் இந்தப் பழைய ஆல்ட்டோவை வைத்திருக்கிறேன். மூன்று கிழமைக்கு முன், ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகமுள், பெட்ரோல் முள், ஓடிய தூரம் காட்டும் மைலேஜ் எல்லாம் ஒரேயடியாகச் செத்துப் போயின. குழியில் விழுந்து எழும்பினால் திரும்ப வரும். ஹெட்லைட் போட்டால் முள் ஆடும்.

கல்முனைப் பக்கம் ஒரு வாகன வயரிங் கடைக்குக் கொண்டு போனேன். முதலாளி வயதான மனிதர். அம்மாவுக்குக் கதிரை போட்டு, பேன் திருப்பிவிட்டு, பிளேன்டீ எடுப்பித்தார். "மனே, ஒண்டுக்கும் யோசியாத, என்ட வாகனம் மாதிரிப் பார்த்துத் தாறன்" என்றார். மகனே என்று கூப்பிட்ட அந்த "மனே"யில்தான் நான் விழுந்தேன். லைட் போட்டால் முள் ஆடுது என்று இரண்டு தரம் சொன்னேன், காதில் வாங்கவில்லை. பியூஸ் பார்க்கவில்லை, டெஸ்டர் கையில் எடுக்கவில்லை. மீட்டரைக் கழற்றிப் பார்த்து ஐந்து நிமிடத்தில் "போர்ட் எரிஞ்சு போச்சு, கொழும்பில இருந்து ரீகண்டிசன் எடுக்கணும்" என்றார். 38,500 ரூபாவையும் முற்பணமாகவே வாங்கினார். நான் எண்ணிக் கொடுக்க, அவர் எண்ணாமலே மேசை லாச்சிக்குள் போட்டார். என்ன நல்ல மனிதர் என்று அப்போது நினைத்தேன்!

நாளைக்குத் தாறேன் என்றவர் ஐந்தாம் நாள் தந்தார். புது மீட்டரில் மைலேஜ் 1,63,000. என் கார் ஓடியது 84,000. டிஜிட்டல் மீட்டரில் ஓடிய கணக்கு அந்த மீட்டருக்குள்ளேயே பதிந்திருக்கும். யாருடைய காரின் கணக்கோ இப்போது என் காரில். விற்கப் போனால் எவன் என்னை நம்புவான்?

மூன்றாம் நாள் கல்லடிப் பாலம் தாண்டும்போது மறுபடி எல்லாம் செத்தது.

போன் எடுத்தால் "ஆள் சாப்பிடப் போயிட்டார்". நேரில் போனால் "கரண்ட் சாமானுக்குக் கேரண்டி இல்லை". அதற்குப் பிறகு "உங்கட வயரிங்தான் பிழை". வயரிங் பிழை என்றால் அதைப் பார்க்கத்தானே 38,500 ரூபா வாங்கினீர்கள்? என் பழைய மீட்டரையாவது தாங்க என்றேன். "அது குப்பையில போட்டாச்சு." இந்த முறை "மனே" இல்லை, பிளேன்டீயும் இல்லை. பில் என்று தந்தது கொப்பி ஒற்றையில் எழுதிய துண்டு, கடைப் பெயர்கூட இல்லை.

நேற்று ஆரையம்பதியில் ஒரு வயரிங்காரர் பார்த்தார். எல்லா முள்ளும் ஒன்றாக விழுந்தால் முதலில் பியூஸும் எர்த்தும்தான் (கார் பாடியோடு பூட்டும் வயர்) பார்க்க வேண்டுமாம், ஒரு முள் மட்டும் விழுந்தால்தான் சென்சரையோ அந்த முள்ளின் மோட்டாரையோ சந்தேகப்பட வேண்டும். டிரைவர் பக்கம் கால் வைக்கும் இடத்தில், எர்த் வயர் பூட்டிய போல்ட் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. போன மாரியில் வெள்ளத்துக்குள் ஓட்டினேன், அந்தத் தண்ணீர். சுரண்டி, இறுக்கிப் பூட்டினார். அரை மணித்தியாலம், 1,500 ரூபா. என் பழைய மீட்டருக்கு ஒன்றும் நடந்திருக்காது என்று அவர் சொன்னபோது வயிறு எரிந்தது.

பழைய சாமான் கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள். மாற்றுவதற்கு முன் மைலேஜைப் போட்டோ எடுத்து வையுங்கள். கடைப் பெயர் போட்ட பில் கேளுங்கள், தராவிட்டால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற போன் நம்பருக்கு இன்று அடிக்கப் போகிறேன், கையில் இருப்பது அந்தக் கொப்பித் துண்டு மட்டும்தான். அதே கடையில் யாராவது மீட்டர் வாங்கியிருந்தால், அதில் மைலேஜ் 84,000 சொச்சம் காட்டினால், தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். அது என்னுடையதாக இருக்கலாம்.