65,000 ரூபாயும் போச்சு, பாட்டும் போச்சு: சொந்தமாக எழுதிப் பாடுகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி என் யூடியூப் சேனலில் ஒரு வீடியோ போட்டேன். மொட்டை மாடியில் ட்ராக்கை ஓடவிட்டு, நானே எழுதி நானே மெட்டுப் போட்ட பாட்டை நானே பாடிய வீடியோ. சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது. இதில் வேறொருவருக்குச் சொந்தமான பாட்டு இருக்கிறதாம், விளம்பரக் காசு வந்தால் அவருக்குத்தான் போகுமாம். உரிமையாளர் என்று இருந்த இடத்தில், நான் 65,000 ரூபாய் கட்டிய கம்பெனியின் பெயர்.

பெயரை இங்கே போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்கிறார். எந்த மாதிரி இடம் என்று மட்டும் சொல்கிறேன். ‘உங்கள் பாட்டை எல்லா ஆப்பிலும் ரிலீஸ் செய்து தருகிறோம், ப்ரமோஷனும் நாங்களே’ என்று இன்ஸ்டாவில் விளம்பரம் ஓட்டுகிற சின்ன மியூசிக் லேபிள். வடபழனி பக்கம் ஒரு மொபைல் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். சுவர் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டி, ஊதா விளக்கு போட்டு வைத்திருப்பார்கள்.

நான் காசிமேட்டுக்காரி. சர்ச் கொயரில் ஆரம்பித்து, பிறகு லைட் மியூசிக் குழுவில் வருஷக்கணக்காகப் பாடியவள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை என்று ஆடி மாதம் முழுக்க மேடை இருக்கும். அடுத்தவர் பாட்டைத்தான் பாடுவோம். கூட்டம் கேட்பதும் அதைத்தான். நடுவில் கோடம்பாக்கத்தில் ட்ராக் பாடினேன். மெட்டு சரியாக உட்கார்கிறதா என்று பார்க்க முதலில் நம் குரலில் பதிவு செய்வார்கள், அப்புறம் பெரிய பாடகி வந்து பாடியதும் நம் குரலை அழித்துவிடுவார்கள். கவரில் 1,500 கொடுப்பார்கள். படம் வந்ததும் தியேட்டரில் போய் உட்கார்ந்து, நாம் போட்ட சங்கதியை இன்னொரு குரலில் கேட்டுவிட்டு வர வேண்டியதுதான். அதற்கெல்லாம் நான் அழுததில்லை. அதுதான் தொழில் என்று தெரிந்து செய்த வேலை.

இந்தப் பாட்டு அப்படி இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது நினைவிருக்கும். காட்டுக்குப்பத்தில் என் மாமா வீடு. படகு, வலை எல்லாம் தார் பூசியது போல ஆகிவிட்டது. மாமா அந்த வலையைச் சீமெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த அன்று எழுத ஆரம்பித்த பாட்டு. ‘எண்ணெ மெதக்குற தண்ணியில என் வலைக்கு என்ன வேல’ என்று பல்லவி. முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கானா பாடுகிற தம்பி ஒருவன் டோலக் வாசித்தான், மூலக்கொத்தளத்தில் ஒரு பையன் வீட்டு ஸ்டூடியோவில் பதிவு செய்தோம்.

அந்த லேபிளுக்குப் போனபோது, முதலில் ஒரு ரூபாய்கூட அவர்கள் கேட்கவில்லை. அதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். அங்கே பொறுப்பில் இருந்தவர், முப்பத்தைந்து வயது இருக்கும், ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “மைக் வேண்டாம்க்கா, சும்மா உக்காந்து பாடுங்க” என்றார். பாடினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “‘என் வலைக்கு’ன்னு பாடிட்டு ஒரு மூச்சு நிக்கிறீங்களே, அது ஏன்க்கா?” என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படி ஒன்று கேட்டதில்லை. மேடையில் ‘அடுத்து குத்துப்பாட்டு’ என்பார்கள், ஸ்டூடியோவில் ‘இன்னொரு டேக்’ என்பார்கள். இவர் அந்த ஒரு மூச்சைப் பிடித்துவிட்டார். வலையை உதறும்போது அப்பா விடுகிற மூச்சு அது என்று சொன்னேன். “இத அப்படியே வெச்சுக்கலாம், யாரையும் தொட விடமாட்டேன்” என்றார். டீ வரவழைத்தார். கீழே இறங்கி வந்து ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் பேக்கேஜ். மிக்ஸிங், மாஸ்டரிங், ரிலீஸ் மூன்றுக்கும் 40,000. ப்ரமோஷனுக்கு, அதாவது பிளேலிஸ்டில் சேர்ப்பது, ரீல்ஸ் போடுகிறவர்களிடம் கொண்டுபோவது எல்லாம் சேர்த்து 25,000. ஆக 65,000. மகளிர் குழுவில் 40,000 கடன் வாங்கினேன். மீதிக்கு வளையல் அடகுக் கடைக்குப் போனது. ஜிபேயில் அனுப்பினேன். ஒப்பந்தம் 14 பக்கம், முழுக்க இங்கிலீஷ். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, “டிஸ்ட்ரிப்யூஷன் மட்டும்தான்க்கா, பாட்டு என்னைக்கும் உங்களோடது” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் என் தம்பியும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

பாட்டு வந்தது. முதலில் அந்த மூச்சைக் காணோம், வெட்டி ஒட்டிவிட்டார்கள். கேட்டால், “டெம்போ இழுக்குது மேடம், ரீல்ஸுக்கு செட் ஆகாது” என்றார். டோலக்கைக் குறைத்து ஏதோ பீட் போட்டிருந்தார்கள். சரி, போகட்டும் என்று இருந்தேன். ஒரே வாரத்தில் கேட்டவர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. ஆனால் எங்கள் தெருவில் ஒருவர் கேட்கவில்லை, ஒரு ரீல்ஸ் இல்லை, ஒருவரும் ‘நல்லா இருக்கு’ என்று எழுதவில்லை. கேட்டவர்கள் எல்லாம் நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்களில் இருந்தார்கள். அடுத்த மாதம் ஒரு பெரிய ஆப்பிலிருந்து பாட்டையே எடுத்துவிட்டார்கள். போலி ஸ்ட்ரீமாம். மெஷின் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். ஆப்காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்துவிடும், கண்டுபிடித்தால் பாட்டைத் தூக்குவார்கள், காசையும் நிறுத்துவார்கள். என் 25,000 ரூபாய் ப்ரமோஷன் என்பது இதுதான்.

ராயல்டி அறிக்கை என்று ஒன்று வந்தது. மொத்தம் 41 ரூபாய். 65,000 கட்டியவளுக்கு 41 ரூபாய். அதையும் குறைந்தபட்சத் தொகை சேர்ந்த பிறகுதான் கொடுப்பார்களாம்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. போன் செய்தால் ஒரு பெண் எடுக்கும். “சார் ஷூட்ல இருக்காரு மேடம்.” மறுபடி செய்தால், “டிக்கெட் போடுங்க மேடம், டெக்னிக்கல் டீம் பாப்பாங்க.” டிக்கெட் போட்டால் தானாக வருகிற பதில் ஒன்று, ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று. வாட்ஸப்பில் நீல டிக் விழும், பதில் வராது. ஒரு நாள் அவரே கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று எடுத்தேன். “அல்காரிதம் பிக்கப் ஆகல மேடம், இன்னொரு 15,000 போட்டீங்கன்னா வேற லெவல்ல தள்ளிடலாம்” என்கிறார். நான் கத்தினேன். அன்றோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

நேரில் போனேன். ரிசப்ஷனில் ஒரு பெண்பிள்ளை, காலேஜ் படிக்கிற வயசு, மடியில் கிட்டார். பக்கத்தில் அவள் அப்பா, கையில் பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே ஊதா விளக்கு. எனக்குப் புரிந்துவிட்டது. “பாப்பா, காசு கட்டாத, எனக்கு 65,000 போச்சு” என்றேன். ரிசப்ஷன் பெண் எழுந்து வந்து, “மேடம், கிளையன்ட் முன்னாடி பேசாதீங்க” என்று என் முழங்கையைப் பிடித்தது. அந்த அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மகளிடம், “பாட்டு ஓடாத கடுப்புல பேசுறாங்கம்மா, நீ கண்டுக்காத” என்றார். என் பணம் போனதைவிட அந்தப் பேச்சுதான் இன்னும் காதில் நிற்கிறது. அந்தப் பிள்ளை கட்டிவிட்டதா என்று தெரியவில்லை.

ஸ்டேஷனில், “இது சிவில் மேட்டர்மா, நீங்களே கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கீங்க” என்றார்கள். ரொம்ப நேரம் உட்கார்ந்த பிறகு, புகார் வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். 1930 சைபர் கிரைம் எண்ணுக்கும் சொல்லியிருக்கிறேன்.

பாரிமுனையில் ஒரு வக்கீலிடம் ஒப்பந்தத்தைக் காட்டியபோதுதான் முழு விஷயமும் தெரிந்தது. பாட்டு, மெட்டு, வரிகள், பதிவு எல்லாவற்றையும் உலகம் முழுக்க, எந்தக் காலத்துக்கும், அவர்களுக்கே எழுதிக் கொடுத்ததாக ஒரு பத்தி. வரிகளும் இசையும் ‘லேபிள் டீம்’ என்று பதிவு. நான் வெறும் பாடகியாம்! மாமா வலையைத் துடைத்தபோது எந்த டீம் பக்கத்தில் இருந்தது?

ஆனால் வக்கீல் ஒன்று சொன்னார், பாட்டு எழுதுகிற எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். 1957 காப்புரிமைச் சட்டத்தை, அதாவது காப்பிரைட் சட்டத்தை, 2012-ல் திருத்தியிருக்கிறார்கள். வரி எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் அந்தப் பாட்டிலிருந்து வருகிற ராயல்டியில், உரிமையை எழுதி வாங்கிய கம்பெனியோடு சம பங்கு உண்டு, அதை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. ஆனால் எழுதியது நான்தான் என்று முதலில் காட்ட வேண்டும். என் நோட்டுப்புத்தகம் இருக்கிறது, போனில் தேதியோடு முனகி வைத்த பதிவுகள் இருக்கின்றன, டோலக் வாசித்த தம்பி சாட்சி சொல்கிறேன் என்கிறான். நோட்டீஸ் அனுப்பப் போகிறோம். அதற்கும் செலவு இருக்கிறது, அது தனிக் கதை.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். குழுத் தவணைக்கு ஆள் வந்து நிற்கிறார்கள், அவசரத்தில் சிலதை மட்டும் சொல்கிறேன். ரிலீஸ் செய்து தர முன்பணம் கேட்கிற லேபிளிடம் போகாதீர்கள். வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்டி நாமே எல்லா ஆப்பிலும் ஏற்றிக்கொள்ளலாம். ‘ஸ்ட்ரீம் கேரண்டி’ என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். இங்கிலீஷ் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாயால் சொல்வதை வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வரிகளுக்குக் காப்புரிமைப் பதிவு செய்ய அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான், பதிவு செய்துவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் பாடிக் காட்டுங்கள்.

வடபழனி பக்கம் ஊதா விளக்கு போட்ட அந்த மாடியில் பணம் கட்டியவர்கள் இதைப் படித்தால், ஜிபே ரசீதையும் ஒப்பந்தத்தையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். நான் தனியாகப் போனதால்தான் சிவில் மேட்டர் என்று திருப்பி அனுப்பினார்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் கமிஷனர் ஆபீஸிலேயே மனு கொடுக்கலாம், நான் வருகிறேன்.