மாடியில் மாலை உட்கார: கீற்றா, ஷீட்டா, வலையா, கொடியா?

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி 24 அடி நீளம், 18 அடி அகலம். பத்து ஆண்டுகளில் அதன்மேல் கீற்று வேய்ந்தேன், பிறகு ஷீட் போட்டேன், அதைப் பிரித்துவிட்டு நிழல்வலை கட்டினேன், இப்போது கொடி ஏற்றியிருக்கிறேன். மனைவியின் கணக்கில் இந்தப் பணத்துக்கு இன்னோர் அறையே கட்டியிருக்கலாம். நான்கிலும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கூரை எது என்று முடிவு செய்யுமுன், எத்தனை மணிக்கு உட்காரப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது மாலை நாலரைக்கு ஒரு காபி, இரவு எட்டு மணிவரை பேச்சு. சித்திரை பிறந்த சில நாட்களில் திருச்சிக்கு நேர் உச்சியில் சூரியன் வரும். அந்த நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கே நிழல் இருக்காது. அதே நாள் மாலை நாலரைக்குச் சூரியன் மேற்கே சரிந்து, அடிவானத்திலிருந்து 27 பாகை அளவில்தான் நிற்கும். 8 அடி உயரத்தில் நீங்கள் போட்ட கூரையின் நிழல் அப்போது தரையில் சுமார் 15 அடி கிழக்கே தள்ளி விழும். 10 அடி அகலக் கூரை போட்டவருக்குக் கூரையின் நிழலே கூரைக்கு வெளியே கிடக்கும். என் முதல் இரண்டு கூரைகளுக்கும் நடந்தது இதுதான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிழலைத் துரத்தினோம்.

ஆக, பகல் 11 மணி முதல் 3 மணிவரை மாடியைப் புழங்குபவருக்கு, அதாவது வற்றல் காயும்போது காவலிருப்பவர், செடி பார்ப்பவர், தையல் வேலை செய்பவர் போன்றோருக்கு, மேல்கூரை வேண்டும். மாலையில் உட்காருபவருக்கு முதல் தேவை மேற்குப் பக்கத்தில் ஒரு மறைப்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நான்கையும் பார்க்கலாம்.

வெப்பத்தைப் பொறுத்தவரை கீற்றை எதுவும் நெருங்கவில்லை. முடைந்த தென்னங்கீற்றின் அடுக்குகளுக்கிடையே காற்று நிற்கிறது. வெயில் மேலடுக்கோடு நின்றுவிடுகிறது. மே மாதப் பகலில் கீற்றின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கலாம். ஷீட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டால் கை சுடும். துத்தநாகமும் அலுமினியமும் பூசிய இன்றைய ஷீட் பழைய தகரத்தைவிட வெயிலை அதிகம் திருப்பி அனுப்புகிறது, துரு பிடிப்பதும் குறைவு. ஆனாலும் அது இரும்புத் தகடுதான். வாங்கிய சூட்டைத் தலைக்கு மேலிருந்து நம்மீது வீசிக்கொண்டே இருக்கும். ஷீட் போட்டவர்கள் கோடையில் அதன்மேல் கீற்று பரப்புவதைத் திருச்சித் தெருக்களில் பார்க்கலாம். 10 அடிக்கு மேல் உயர்த்தி, அடியில் மூங்கில் பாய் கட்டினால் ஓரளவு தாங்கலாம். வலை நடுத்தரம்: 50 விழுக்காடு வலை பாதி வெயிலை உள்ளே விடும், ஆனால் சூடான காற்றைப் பிடித்து வைக்காது. 75 விழுக்காட்டு வலை உட்காரப் போதும். 90 வாங்காதீர்கள், நிழல் கூடுகிறது, காற்று அடைபடுகிறது, புழுக்கம் மிஞ்சுகிறது. கண்ணாடிபோல் ஒளி வரும் பாலிகார்பனேட் தகட்டை நான்கில் சேர்க்கவே இல்லை. நம் வெயிலில் அதன்கீழ் நாற்று வளர்க்கலாம், மனிதர் உட்கார முடியாது.

இனிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் ஆடிக்காற்று கோவை, கரூர் தாண்டி எங்கள் மாடிக்கும் வந்து சேரும். அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. கீற்று பறந்ததைப் பார்த்தேன். சவுக்குக் கம்பும் கயிறும் நின்றன, வேய்ந்தது மட்டும் எதிர்வீட்டு மாமரத்தில் போய் உட்கார்ந்தது. அதற்குள் அணில்களும் எலிகளும் குடியேறியிருந்ததால் எனக்குப் பெரிய வருத்தமில்லை. மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் தென்னங்கீற்று ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு ஆண்டு தாங்கும். பனையோலை கூடுதலாக உழைக்கும், ஆனால் வேயத் தெரிந்த கைகள் ஊருக்குள் அருகிவிட்டன. தீயையும் சொல்லவேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தது கூரைக் கீற்றில் பற்றிய தீயால். மாடியில் திறந்தவெளிதான், தப்பி இறங்கிவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். தீபாவளி இரவில் நாற்புறமிருந்தும் ராக்கெட் வந்து விழும் தெருவில் அந்தத் துணிச்சல் எனக்கில்லை. தனித்தோட்டம், பண்ணை வீடு என்றால் கீற்றுக்கே என் ஓட்டு. அடுத்தடுத்து ஒட்டிய நகரத்து வீடுகளுக்கு வேண்டாம்.

ஷீட் காற்றில் பறக்காது என்பதுதான் விற்பவர் சொல்வது. சரியாகப் பொருத்தினால் உண்மை. பொருத்துவதில்தான் எனக்கு வினை வந்தது. கூரைக்காரர் நான்கு தூண்களையும் நிறுத்தத் தளத்தில் பதினாறு துளை போட்டார். மாடித் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, அதன்மேல் தட்டோடு எனும் தட்டையான ஓட்டைப் பதித்திருப்பது அழகுக்காக இல்லை. மழைநீர் கீழே இறங்காமல் காப்பது அதுதான். அதைத் துளைத்துவிட்டு ஓரத்தில் கொஞ்சம் சிமெண்ட் பூசினால் என்ன ஆகும் என்பதை ஐப்பசியில் படுக்கையறைக் கூரை சொல்லியது. வெயிலுக்குப் பயந்து மேலே கூரை போட்டேன். கீழே இருந்த கூரை ஒழுகத் தொடங்கியது. கொத்தனாரை அழைத்துத் தளத்தைச் சரிசெய்ய ஆன செலவில் இன்னொரு ஷீட் கூரை போட்டிருக்கலாம்.

ஷீட்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. அடுத்த மாடி கட்டுவோம் என்று நம் வீடுகளில் தூண் கம்பிகளை நீட்டி விட்டு, அவை துருப்பிடித்து நிற்குமே, அந்த இடங்களில்தான் வீட்டின் தூண்கள் இருக்கின்றன. ஷீட்டின் கால்களை அங்கே கான்கிரீட் கட்டையில் நிறுத்தச் சொல்லுங்கள். தளத்தைத் துளைக்க வேண்டியிராது. நாலரை அங்குலக் கைப்பிடிச்சுவரில் மட்டும் கட்டவேண்டாம். காற்று ஷீட்டைத் தூக்கும்போது சுவரும் கூடவே வரும். நிரந்தரக் கூரைக்கு மாநகராட்சி அனுமதி தேவையா என்று முன்கூட்டிக் கேட்டுவிடுவதும் நல்லது. மழையில் அதன்கீழ் உட்கார்ந்தால் பேச்சு கேட்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எனக்கு அந்த இரைச்சல் பிடிக்கும். அப்பாவுக்குப் பிடிக்காது, அவருக்கு வானொலி கேட்கவேண்டும்.

மழையில் நனையாமல் உட்கார ஷீட்டும், புதிதாக வேய்ந்த கீற்றும் மட்டுமே உதவும். வலை சொட்டும், கொடி அதைவிட நீண்ட நேரம் சொட்டும். ஆனால் கடும்மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் கொசுவோடு மாடியில் யார் உட்காருகிறார்கள்? அந்த இரண்டு மாதத்துக்காக மற்றப் பத்து மாதமும் வானத்தை மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஷீட்டைப் பிரித்த இரவு, பாய் விரித்துப் படுத்தபோது பிள்ளைகள் நட்சத்திரம் எண்ணினார்கள்.

வலையின் பெரிய வசதி, கழற்றலாம் என்பது. கைப்பிடிச்சுவர் ஓரமாகக் கம்பி இழுத்து, வளையம் மாட்டித் திரைச்சீலைபோல் நகரும்படி கட்டினேன். புரட்டாசிக் கடைசியில் கழற்றி, கழுவி, மடித்து வைத்துவிட்டால் புயல் செய்தி வரும்போது மாடிக்கு ஓடவேண்டியதில்லை. புற ஊதாக் கதிர் தாங்கும் வலையா என்று கேட்டு வாங்குங்கள். மற்றது இரண்டாம் கோடையிலேயே நூல் நூலாக உதிரும். அழகு என்று பார்த்தால் வலைக்குக் கடைசி இடம். பச்சை வலைக்குக் கீழே எல்லோர் முகமும் காமாலை கண்டதுபோல் இருக்கும். வெள்ளையோ கறுப்போ எடுங்கள்.

கொடிக்கு வருகிறேன். இங்கே பலர் தவறுவது பட்டத்தில், அதாவது விதைக்கும் பருவத்தில். ஆடிப்பட்டம் தேடி விதைத்த அவரை மார்கழியிலும் தையிலும் பூத்துக் காய்த்து அசத்தும். சித்திரையில் உங்கள் பந்தலில் காய்ந்த கொடிதான் தொங்கும். காய்க்கு ஆடி சரி, நிழலுக்குத் தைப்பட்டம். தையில் ஊன்றிய பீர்க்கும் சுரையும் பங்குனிக்குள் பந்தலை மூடிவிடும், வெயில் உச்சத்தில் இலை அடர்ந்திருக்கும். ஆண்டு முழுதும் பச்சை வேண்டுமென்றால் கோவைக்கொடி, ரங்கூன் மல்லி. ரங்கூன் மல்லி மாலையில் வெள்ளையாக விரிந்து, இளஞ்சிவப்பாகிச் சிவக்கும். வாசனையும் இருட்டிய பிறகுதான் வரும், நாம் உட்காரும் நேரத்தில். குறையும் உண்டு: பூ உதிரும், கம்பளிப்பூச்சி வரும், நாள்தோறும் தண்ணீர் ஊற்றவேண்டும், ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

கொடிக்குத் தொட்டி வேண்டும், தொட்டிக்குப் பாரம் உண்டு. ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 வைத்திருக்கும் கணக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஈர மண் நிறைந்த நூறு லிட்டர் அரை டிரம் ஒன்றே ஏறத்தாழ அவ்வளவு வரும். ஆகவே தொட்டிகள் சுவருக்கும் உத்திரத்துக்கும் மேலாக ஓரங்களில் மட்டும் இருக்கட்டும். மண்ணில் பாதி தென்னை நார்க்கழிவு கலந்தால் எடை குறையும்.

தரையைப் பற்றி ஒன்றே ஒன்று. பழைய தட்டோட்டைப் பெயர்த்துவிட்டுக் கறுப்புக் கடப்பைக் கல் போடச் சொல்பவர்களை நம்பாதீர்கள். இரவு எட்டு மணிக்கும் அது வெறுங்காலைச் சுடும். தட்டோட்டில் ஐந்து மணிக்கு நான்கு வாளித் தண்ணீர் தெளித்தால் ஆறு மணிக்குப் பாய் விரிக்கலாம்.

இப்போது எங்கள் மாடியில் மேல்கூரை இல்லை. மேற்குப் பக்கம் 7 அடி உயரத்துக்குக் கம்பி கட்டிக் கொடி ஏற்றியிருக்கிறேன். வைகாசி, ஆனியில் சூரியன் வடமேற்கே போய் இறங்குவதால் அந்தக் கம்பியை வடக்கு மூலையிலும் ஆறடி திருப்பியிருக்கிறேன். ஆடிக்காற்றும் மேற்கிலிருந்துதான் வருகிறது. முழு மறைப்பை அது பிய்த்தெறியும், கொடியின் இடைவெளியில் புகுந்து வந்துவிடுகிறது. கொடி அடராத இடத்தில் சுருட்டி ஏற்றும் வெட்டிவேர்த் தட்டி ஒன்று; தண்ணீர் தெளித்தால் காபியின் மணத்தோடு போட்டியிடும். நண்பகல் வேலை இருக்கும் நாளில் வலையை இழுத்துக்கொள்கிறேன். பிரித்த ஷீட்டுகளில் நான்கு, படிக்கட்டின் தலையில் மழை படாமல் நிற்கின்றன. மீதியை எடைக்குப் போடலாமா என்று மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.